வாகைகுளத்திலிருந்து சென்னை: 530 கிலோமீட்டருக்கு ஏன் ஒன்றரை மணி நேரம்?

தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைகுளத்துக்கும் சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கத்துக்கும் வான்வழித் தூரம் சுமார் 530 கிலோமீட்டர். இந்தத் தடத்தில் பல காலமாக ஓடும் ஏ.டி.ஆர். 72 என்ற புரொப்பல்லர் விமானம் மேலே ஏறிச் சீராகப் பறக்கும்போது மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 530-ஐ 500-ஆல் வகுத்தால் ஒரு மணி நாலு நிமிடம். ஆனால் டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரம் அல்லது அதற்கும் சற்று மேலே போட்டிருப்பார்கள். மீதி 25 நிமிடம் எங்கே போகிறது?

இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எந்த இரண்டு ஊருக்கும் விமான நேரத்தை ஒரு துண்டுச் சீட்டில் நாமே கணக்குப் போட்டுவிடலாம். மதுரை போய் விமானம் ஏறுவதா, திருவனந்தபுரம் போவதா, பேசாமல் ரயிலிலேயே போய்விடலாமா என்ற கேள்விக்கும் அந்தச் சீட்டிலேயே விடை கிடைக்கும்.

எந்தத் தூரம்?

'திருநெல்வேலியிலிருந்து சென்னை எவ்வளவு தூரம்?' என்று கேட்டால் மூன்று பதில் சொல்லலாம், மூன்றும் சரிதான். சாலையில் மதுரை, திருச்சி, விழுப்புரம் வழியாகப் போனால் சுமார் 620 கிலோமீட்டர். தண்டவாளத்தில் சுமார் 650. ஜங்ஷனிலிருந்து எழும்பூருக்கு வரைபடத்தில் நேர்கோடு போட்டால் சுமார் 558. விமானக் கணக்குக்கு வேண்டியது கடைசி வகை. அதிலும் ஊருக்கும் ஊருக்கும் அளக்காமல், ஒரு விமான நிலையத்திலிருந்து இன்னொரு விமான நிலையத்துக்கு அளக்க வேண்டும். வாகைகுளம் நெல்லைக்குக் கிழக்கே இருக்கிறது, மீனம்பாக்கம் எழும்பூருக்குத் தெற்கே இருக்கிறது. அதனால்தான் 558 என்பது 530 ஆகிறது.

சாலைத் தூரத்துக்கும் நேர்கோட்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதற்கு நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம் உண்டு. திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நேர்கோட்டில் 90 கிலோமீட்டர்தான். நடுவில் பொதிகை மலை நிற்பதால் நாங்குநேரி, வள்ளியூர், ஆரல்வாய்மொழி, நாகர்கோவில், களியக்காவிளை என்று தெற்கே சுற்றித்தான் போக வேண்டும். சாலையில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். அம்பாசமுத்திரத்துக்காரர்களுக்கு இது இன்னும் வேடிக்கையாகப் படும். மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம் நேர்கோட்டில் 60 கிலோமீட்டர். வண்டியில் செங்கோட்டை வழியாகப் போனாலும் நாகர்கோவில் வழியாகப் போனாலும் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

விமானத்துக்கு மலை ஒரு தடையில்லை. வாகைகுளத்திலிருந்து சென்னைக்குப் போட்ட நேர்கோடு மதுரைப் பக்கமே போகாது. கமுதி, தஞ்சாவூர், பண்ருட்டி ஆகிய ஊர்களை ஒட்டிப் போகும். உண்மையில் விமானம் ஓட்டும் பாதை இந்தக் கோட்டின் மேலேயே அச்சுப் பிசகாமல் இருக்காது. வானத்தில் குறித்து வைத்த புள்ளிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஐந்தெழுத்துப் பெயர். புறப்படும்போதும் இறங்கும்போதும் அந்தப் புள்ளிகள் வழியே வளைந்துதான் போக வேண்டும். ஆகவே பறந்த தூரம் நேர்கோட்டைவிடக் கொஞ்சம் கூடவே வரும்.

கையால் அளப்பது

போனில் உள்ள வரைபடத்தில் ஓர் இடத்தை அழுத்திப் பிடித்தால் தூரத்தை அளக்கும் வசதி வரும். அதிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு தடவையாவது கையால் போட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் படித்த பித்தாகரஸ் தேற்றம் போதும்.

முதலில் இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும். வாகைகுளம் வடக்கே 8.72 டிகிரி, கிழக்கே 78.03 டிகிரி. மீனம்பாக்கம் வடக்கே 12.99, கிழக்கே 80.17.

வடக்கு தெற்கு வித்தியாசம் 12.99 கழித்தல் 8.72, அதாவது 4.27 டிகிரி. அட்சரேகையில் ஒரு டிகிரி என்பது 111 கிலோமீட்டர். பெருக்கினால் 474.

கிழக்கு மேற்கு வித்தியாசம் 80.17 கழித்தல் 78.03, அதாவது 2.14 டிகிரி. இதையும் 111-ஆல் பெருக்கினால் 237.5 வரும். ஆனால் இங்கே ஒரு திருத்தம் உண்டு. தீர்க்கரேகைகள் எல்லாம் துருவத்தில் போய் ஒன்றுசேர்பவை. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக அவற்றுக்கு இடையே உள்ள அகலம் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பதை அந்த இடத்து அட்சரேகையின் கோசைன் சொல்லும். நம் இரண்டு ஊருக்கும் நடுப்பட்ட அட்சரேகை சுமார் 11 டிகிரி. அதன் கோசைன் 0.98. ஆக 237.5-ஐ 0.98-ஆல் பெருக்க, 233.

இப்போது 474-ம் 233-ம் ஒரு செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள். 474-ன் வர்க்கம் 2,24,676. 233-ன் வர்க்கம் 54,289. கூட்டினால் 2,78,965. வர்க்கமூலம் 528. முழு எண்ணாக 530 என்று வைத்துக்கொண்டால் தப்பில்லை.

புதிதாகக் கணக்குப் போடுகிறவர்கள் வழுக்கி விழுகிற இடம் ஒன்று இருக்கிறது. சில வரைபடங்களில் 8 டிகிரி 43 நிமிடம் என்று போட்டிருக்கும். அதை 8.43 என்று எழுதிவிடுவார்கள். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் 43-ஐ 60-ஆல் வகுத்து 0.72 என்று எடுக்க வேண்டும். 8.43 என்று போட்டால் வாகைகுளம் 32 கிலோமீட்டர் தெற்கே தள்ளிப்போய்விடும்!

இந்த 'நிமிடம்'தான் விமானிகள் பேசும் கடல் மைலுக்கும் அடிப்படை. அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் போனால் அது ஒரு நாட். ஏ.டி.ஆர். விமானத்தின் வேகம் 275 நாட் என்று எங்காவது படித்தால் 1.852-ஆல் பெருக்குங்கள், 509 கிலோமீட்டர் வரும்.

உலகம் உருண்டை, நீங்கள் தட்டையான முக்கோணம் போடுகிறீர்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 500 கிலோமீட்டருக்கு அந்த வளைவு கணக்கையே தொடாது. திருவனந்தபுரத்திலிருந்து துபாய் வரை இதே முறையில் போட்டால் 2,956 கிலோமீட்டர் வரும். பூமியின் வளைவைச் சேர்த்து முறையாகப் போட்டால் 2,947. ஒன்பது கிலோமீட்டர்தான் வித்தியாசம்; விமானத்துக்கு அது ஒரு நிமிடம்கூட இல்லை. லண்டன், நியூயார்க் என்று வடக்கே வெகுதூரம் போனால்தான் இந்தக் குறுக்குவழி காலை வாரிவிடும். அங்கே பெருவட்டக் கணக்கைத்தான் போட வேண்டும். ஒரு உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் நூல் எந்த வழியாகப் படிகிறதோ அதுதான் பெருவட்டப் பாதை. சுவரில் மாட்டிய வரைபடத்தில் அது வில்லாக வளைந்து தெரியும். உருண்டையில் அதுவே மிகக் குறுகிய வழி.

கட்டையிலிருந்து கட்டை வரை

இனி அந்த 25 நிமிடம்.

நின்றுகொண்டிருக்கும் விமானத்தின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்திருப்பார்கள். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுப்பது மாதிரி. சென்னையில் அந்தக் கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் நேரம்தான் டிக்கெட்டில் உள்ள புறப்படும் நேரம். வாகைகுளத்தில் வந்து நின்று, திரும்பக் கட்டை வைக்கும் நேரம்தான் சேரும் நேரம். இதைப் பிளாக் டைம் என்பார்கள். தரையில் உருண்ட நேரமும் இதற்குள் அடக்கம். வானத்தில் இருந்த நேரம் இதைவிடக் குறைவு.

சென்னை பெரிய நிலையம். நிற்கிற இடத்திலிருந்து ஓடுபாதையின் முனை வரை உருண்டு போய், முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பும் வரை காத்திருந்து, தன் முறை வந்து கிளம்ப 10 முதல் 15 நிமிடம் ஆகும். கிளம்பினதும் 500 கிலோமீட்டர் வேகம் வந்துவிடாது. 17,000 அடி, அதாவது 5 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஏற ஏ.டி.ஆர். விமானத்துக்கு 15 முதல் 17 நிமிடம் வேண்டும். மேடேறும் லாரி போல, அந்த நேரத்தில் முன்னோக்கிய வேகம் மணிக்கு 350 அளவில்தான் இருக்கும். சமமாகப் பறந்தால் 12 நிமிடத்தில் கடக்க வேண்டிய தூரத்துக்கு 17 நிமிடம். 5 நிமிடம் நஷ்டம்.

இறங்குவதும் அப்படியே. விமானங்கள் வழக்கமாக 3 டிகிரி சரிவில் இறங்கும். ஒரு கிலோமீட்டர் முன்னேறினால் 52 மீட்டர் கீழே வரும். 5.2 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர 100 கிலோமீட்டர் வேண்டும். ஆக கமுதியைத் தாண்டும் முன்பே வாகைகுளத்துக்கு இறங்கத் தொடங்கியாக வேண்டும். காது அடைக்கத் தொடங்கினால் ஊர் வந்துவிட்டது என்று எழுந்து பையை எடுக்கக் கூடாது. இன்னும் கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. கடைசி 20, 30 கிலோமீட்டரில் வேகத்தை நன்றாகக் குறைத்து, சக்கரத்தை இறக்கி, ஓடுபாதைக்கு நேராக வளைந்து வர வேண்டும். இதில் ஓர் 5 நிமிடம். வாகைகுளம் சிறிய நிலையம். இறங்கின பிறகு உருண்டு வந்து நிற்க 3, 4 நிமிடம் போதும்.

பறக்க 64, சென்னையில் உருண்டு கிளம்ப 12, ஏறுவதில் 5, இறங்குவதில் 5, வாகைகுளத்தில் உருள 4. கூட்டினால் 90 நிமிடம். இதற்கு மேலும் ஐந்து பத்து நிமிடத்தை விமான நிறுவனங்கள் கைக்காவலாகச் சேர்த்து அட்டவணை போடும். 'பத்து நிமிடம் முன்கூட்டியே வந்துவிட்டோம்' என்று சில நாள் அறிவிப்பது இந்தக் கைக்காவல் செலவாகாமல் போன நாளில்தான்.

இந்தக் கூட்டலில் கவனிக்க வேண்டியது ஒன்று. 64 நிமிடம் மட்டும்தான் தூரத்தைப் பொறுத்தது. மற்றதெல்லாம் 300 கிலோமீட்டர் போனாலும் 3,000 கிலோமீட்டர் போனாலும் ஏறத்தாழ ஒரே அளவு. அதனால் மனத்தில் இருத்த இரண்டு சூத்திரம் போதும்:

ஏ.டி.ஆர். போன்ற புரொப்பல்லர் விமானம் என்றால், கிலோமீட்டரை 500-ஆல் வகுத்து வரும் மணி நேரத்தோடு 25 நிமிடம் கூட்ட வேண்டும்.

ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற ஜெட் என்றால், 800-ஆல் வகுத்து 35 நிமிடம் கூட்ட வேண்டும். ஜெட் இன்னும் உயரமாக ஏற வேண்டும், பெரிய நிலையங்களில் அதிகம் உருள வேண்டும். அதனால்தான் கூடுதல் 10 நிமிடம்.

சரிபார்த்துக்கொள்ளலாம். வாகைகுளத்துக்கு நேர் வடக்கே பெங்களூரு, சுமார் 500 கிலோமீட்டர். ஏ.டி.ஆரில் ஒரு மணி நேரமும் 25 நிமிடமும். மதுரையிலிருந்து சென்னை 418 கிலோமீட்டர்; ஜெட்டில் 31 நிமிடமும் 35-ம் சேர்த்து 66 நிமிடம், டிக்கெட்டில் ஒன்றே கால் மணிக்குள் போட்டிருக்கும். சென்னையிலிருந்து டெல்லி சுமார் 1,760 கிலோமீட்டர். 2 மணி 12 நிமிடத்தோடு 35 சேர்த்தால் 2 மணி 47 நிமிடம். மதுரை சென்னைப் பயணத்தில் பாதிக்கு மேல் நேரம் ஏறவும் இறங்கவும் உருளவுமே போய்விடுகிறது என்பதைப் பாருங்கள்.

வாகைகுளத்துக்கு ஜெட் விமானம் வந்தால் சென்னை அரை மணி நேரத்தில் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. இங்கே ஓடுபாதை வெறும் 1,351 மீட்டர் நீளம் இருந்த காலத்தில் ஏ.டி.ஆர். தவிரப் பெரிய விமானத்துக்கு வழியில்லை. அதை 3,115 மீட்டராக நீட்டும் விரிவாக்கத் திட்டத்தில் கட்டிய புதிய முனையத்தை 2025 ஜூலை 26-ல் பிரதமர் திறந்து வைத்தார். ஜெட் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்: 530-ஐ 800-ஆல் வகுக்க 40 நிமிடம், கூட 35. மொத்தம் 75. இப்போதுள்ள 90-க்கு 15 நிமிடம்தான் மிச்சம். பெரிய ஓடுபாதையின் உண்மையான லாபம் வேறு: அதிக இருக்கை, அதிகச் சரக்கு, டெல்லி, மும்பை போன்ற தூரத்து ஊர்களுக்கு நேரடியாகப் பறக்கும் வாய்ப்பு.

ஆடிக்காற்றும் ஓடுபாதையும்

நம் பக்கம் காற்றென்றால் சும்மா இல்லை. செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் புகுந்து வரும் தென்மேற்குக் காற்றை நம்பித்தான் கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. அந்தக் காற்று விமானத்தையும் தாமதப்படுத்துமா?

விமானத்தின் வேகம் என்று சொல்வது சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்ட வேகம். காற்றே எதிரே வந்தால் தரைக்கு மேல் அதன் வேகம் குறையும். பின்னாலிருந்து தள்ளினால் கூடும். ஆனால் எதிர்க்காற்று முழுதாக எதிரே வந்தால்தான் முழு நஷ்டம். சென்னையிலிருந்து வாகைகுளம் வரும் விமானம் தெற்குத் தென்மேற்காக வருகிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, அடித்தால் அதில் பெரும்பகுதி பக்கவாட்டில்தான் படும். எதிராக நிற்பது 17, 18 கிலோமீட்டர் மட்டுமே. 500 என்ற வேகம் 482 ஆகும். 64 நிமிடம் 66 ஆகும். அவ்வளவுதான். ஆடி மாதத்தில் இறங்கும்போது விமானம் குலுங்குவது வேறு சங்கதி. அது தரைக்கு அருகே காற்று விட்டுவிட்டு வீசுவதால் வருவது; பெல்ட்டை இறுக்கிப் போட்டுக்கொண்டால் போதும், நேரம் ஒன்றும் கூடாது.

காற்றின் திசை நேரத்தை மாற்றுவது இன்னொரு வழியில். விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், ஏறும். வாகைகுளத்து ஓடுபாதை ஏறத்தாழ கிழக்கு மேற்காகப் படுத்திருக்கிறது. மேல்காற்று மாதங்களில் விமானம் தூத்துக்குடிப் பக்கமிருந்து மேற்கு நோக்கி இறங்கும். வடகிழக்கிலிருந்து வருகிற விமானத்துக்கு இது வசதி. ஒரு திருப்பம் திரும்பினால் பாதைக்கு நேராகிவிடும். தூத்துக்குடிக் கரைக்கு மேல் வரும்போது தரை தொட இன்னும் 14, 15 கிலோமீட்டர் இருக்கும், உயரம் 750 மீட்டர் அளவில் இருக்கும். உப்பளப் பாத்திகள் சதுரம் சதுரமாகத் தெரிவது அப்போதுதான். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வந்துவிட்டால் ஓடுபாதையின் மறு முனைக்குச் சுற்றிப்போய்க் கிழக்கு நோக்கி இறங்க வேண்டியிருக்கும். ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் கூடும்.

நீண்ட தடங்களில் காற்று பெரிய ஆள். திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்கு 2,950 கிலோமீட்டர் என்று வையுங்கள். ஜெட்டின் வேகம் 850. குளிர்காலத்தில் வடக்கே மேல்மட்டத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்று ஓடும். வழி நெடுகச் சராசரி 50 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்றால் போக 3 மணி 41 நிமிடம். அதே காற்று திரும்பி வரும்போது பின்னால் தள்ளினால் 3 மணி 17 நிமிடம். வரும்போது 24 நிமிடம் மிச்சம். போகும் டிக்கெட்டிலும் வரும் டிக்கெட்டிலும் வேறு வேறு நேரம் போட்டிருப்பது அச்சுப் பிழையில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை நிலைமை மாறும். அப்போது தென்னிந்தியாவுக்கு மேலே, 14, 16 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றுத் தாரை ஓடுகிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம் 1950-களில் ஆராய்ந்து விளக்கியது அது. தரையில் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று, உயரத்தில் கிழக்கிலிருந்து வரும் கீழ்க்காற்று; நாம் தரையில் உணரும் காற்றை வைத்து விமானத்தின் காற்றைச் சொல்லிவிட முடியாது.

காற்றைவிட அதிகம் நேரத்தைத் தின்பது சென்னையில் இறங்கக் காத்திருப்பது. ஒரே நேரத்தில் பல விமானங்கள் வந்துவிட்டால் வானத்திலேயே வட்டம் போட வைப்பார்கள். ஒரு வட்டத்துக்கு நாலைந்து நிமிடம். மார்கழி விடியலில் மூடுபனி, போகியன்று பனியோடு கொளுத்திய புகையும் சேர்ந்து ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாமல் போவது சென்னைக்குப் பழகிய தொல்லை. போகி காலையில் முதல் விமானத்தைப் பிடித்து, அங்கிருந்து இன்னொரு விமானம் மாறும் ஏற்பாடு வேண்டாம். கனமழையில் வாகைகுளத்தில் இறங்க முடியாவிட்டால் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடுவார்கள். அதற்கு வேண்டிய எரிபொருளும் அதற்கு மேல் அரை மணி நேரத்துக்கானதும் எப்போதும் இருப்பு இருக்கும், பயப்பட வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது சாலை, ரயில், விமானம் மூன்றும் நின்றுபோயின. அந்த மாதிரி நாளுக்கு எந்தச் சூத்திரமும் இல்லை.

வீட்டு வாசலிலிருந்து

டிக்கெட்டில் உள்ள ஒன்றரை மணி நேரம் பயணத்தின் நடுத்துண்டு மட்டுமே. பாளையங்கோட்டையிலிருந்து தியாகராய நகர் வரை முழுதாகப் போடலாம். கே.டி.சி. நகர் தாண்டி வல்லநாடு வழியாக வாகைகுளம் போக 40 நிமிடம். உள்நாட்டு விமானங்களுக்குப் பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு முன் செக்-இன் கவுண்ட்டரை மூடிவிடுவார்கள். ஆகவே ஒன்றரை மணி நேரம் முன்னால் அங்கே நிற்க வேண்டும். விமானம் 95 நிமிடம். இறங்கிப் பெட்டியை எடுத்து வெளியே வர 30 நிமிடம். மெட்ரோவோ ஆட்டோவோ 45 நிமிடம். மொத்தம் 5 மணி நேரம். பெட்டி போடாமல் கைப்பையோடு போனால் அரை மணி நேரம் குறையும்.

நெல்லையிலிருந்து சென்னைக்கு வந்தே பாரத் 2023 செப்டம்பர் 24-ல் தொடங்கியபோது போட்ட பயண நேரம் 7 மணி 50 நிமிடம். வீட்டிலிருந்து ஜங்ஷனுக்கும் எழும்பூரிலிருந்து வீட்டுக்கும் ஒரு மணி நேரம் சேர்த்தால் 9 மணிக்குக் கொஞ்சம் குறைவு. விமானத்தில் மிச்சம் 4 மணி நேரம். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்ப வேண்டிய வேலை என்றால் அந்த நாலு மணி நேரம் பெரிது. ராத்திரி ரயிலில் படுத்துத் தூங்கி விடிய இறங்குகிறவருக்கு அது ஒன்றுமே இல்லை, தூங்கின நேரம் கணக்கில் வராது.

வெளிநாடு போகிறவர்களுக்கு எந்த நிலையம் என்பது அடுத்த கேள்வி. மதுரையும் திருவனந்தபுரமும் நெல்லையிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரம், 150 கிலோமீட்டர். மதுரைக்கு நாலுவழிச் சாலை. விமான நிலையம் ஊருக்குத் தெற்கே இருப்பதால் நகருக்குள் நுழைய வேண்டியதில்லை. கப்பலூரில் சுற்றுச்சாலையைப் பிடித்தால் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். திருவனந்தபுரத்துக்கு நாகர்கோவில் தாண்டினதும் தக்கலை, மார்த்தாண்டம், நெய்யாற்றின்கரை என்று கடைத்தெருக்கள் விடாமல் வரும். மூன்றரை முதல் நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண முகூர்த்த நாளில் இன்னும் கொஞ்சம். தூரம் ஒன்று, நேரம் ஒன்றரை மடங்கு. வளைகுடாவுக்கு நேரடி விமானம் அதிகம் என்பதால் அந்தக் கூடுதல் நேரத்தைப் பொறுத்துக்கொண்டு பலரும் திருவனந்தபுரமே போகிறார்கள். சென்னையிலோ பெங்களூருவிலோ மாறி ஐந்தாறு மணி நேரம் உட்கார்ந்திருப்பதைவிட அது நல்லதுதான்.

வாகைகுளத்தில் ஏறிச் சென்னையில் மாறுவதென்றால் இரண்டையும் ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. அப்படித்தான் போட நேர்ந்தால் நடுவில் நாலு மணி நேரமாவது விடுங்கள். பெட்டியை எடுத்து, உள்நாட்டு முனையத்திலிருந்து பன்னாட்டு முனையத்துக்கு நடந்து, திரும்பவும் செக்-இன், அதன்பின் குடியேற்றச் சோதனை என்று எல்லாவற்றுக்கும் அந்த நேரம் வேண்டும்.

கடிகாரம் சொல்லும் பொய்

'அண்ணாச்சி, துபாய்க்கு ரெண்டரை மணி நேரந்தான? டிக்கெட்ல அப்படித்தான போட்ருக்கு?'

காலை 10.00-க்குத் திருவனந்தபுரத்தில் புறப்பட்டு 12.30-க்குத் துபாய் சேருவதாக டிக்கெட் சொன்னால் அப்படித்தான் தோன்றும். டிக்கெட்டில் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி போடுவது உலக வழக்கம். துபாய்க் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். துபாயில் 12.30 என்றால் இங்கே பிற்பகல் 2 மணி. ஆகப் பறந்தது 4 மணி நேரம்.

சிங்கப்பூர் இதற்கு நேர் எதிர். திருவனந்தபுரத்திலிருந்து அதுவும் சுமார் 3,100 கிலோமீட்டர்தான், துபாயைவிட 150 கிலோமீட்டர் அதிகம். ஆனால் அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். 10.00-க்குப் புறப்பட்டு 4 மணி நேரம் பறந்து இறங்கினால் நமக்கு 2 மணி, அங்கே சாயங்காலம் 4.30. டிக்கெட்டைப் பார்த்தால் ஆறரை மணி நேரப் பயணம் போலத் தெரியும்.

வழி இதுதான்: இரண்டு நேரத்தையும் முதலில் இந்திய நேரமாக மாற்றுங்கள், பிறகு கழியுங்கள். துபாய், அபுதாபி, மஸ்கட் நேரத்தோடு ஒன்றரை மணி கூட்ட வேண்டும். ரியாத், தோஹா, குவைத் நேரத்தோடு இரண்டரை மணி கூட்ட வேண்டும். சிங்கப்பூர், கோலாலம்பூர் நேரத்திலிருந்து இரண்டரை மணி கழிக்க வேண்டும்.

ஊரிலிருந்து காரை எடுத்துக்கொண்டு கூட்டிவரப் போகிறவர்களுக்குத்தான் இது மிகவும் முக்கியம். துபாயில் வெள்ளிக்கிழமை ராத்திரி 10 மணிக்குப் புறப்படும் விமானம் 4 மணி நேரம் பறந்து திருவனந்தபுரத்தில் இறங்கும்போது சனிக்கிழமை அதிகாலை 3.30. 'வெள்ளிக்கிழமை வர்றேன்' என்று போனில் சொன்னதை நம்பி வெள்ளிக்கிழமை அதிகாலையே போய் நிற்கிறவர்களும் உண்டு, சனிக்கிழமை சாவகாசமாகக் கிளம்பி மதியம் போய்ச் சேருகிறவர்களும் உண்டு. டிக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் 'பிளஸ் ஒன்று' என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடுத்த தேதி. 3.30-க்கு இறங்கினவர் குடியேற்றச் சோதனையும் பெட்டியும் சுங்கமும் முடித்து வெளியே வர 4.30 ஆகும். அந்த நேரத்துக்கு அங்கே நிற்க, நெல்லையில் வெள்ளிக்கிழமை ராத்திரி கழிந்து, சனிக்கிழமை பிறந்த பிறகு 12.30-க்கு வண்டியை எடுத்தால் சரியாக இருக்கும். அந்நேரத்தில் மார்த்தாண்டத்துக் கடைத்தெருவும் காலியாகத்தான் கிடக்கும்.